மரக்குடத்திலிருந்து உலோகக் குடத்திற்கு: ‘மதராஸ் வகை’ச் சக்கரமும் மலாயாத் தமிழர் வண்டிகளும்

மலாயாவில் தமிழர் உழைப்பைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் மாட்டுவண்டிக்குத் தவறாமல் ஓரிடம் உண்டு. ஈயத்தையும் சரளைக் கல்லையும் தண்ணீரையும் அது சுமந்தது. சிங்கப்பூரின் கிரேத்தா ஆயர் வட்டாரம் ‘தண்ணீர் வண்டி’ எனப் பொருள்படும் மலாய்த் தொடரால் பெயர்பெற்றது. அவ்வண்டிகளை மாடுகள் இழுத்தமையைச் சீனப் பெயர் வெளிப்படையாகவே சொல்கின்றது. எனினும் வண்டி என்னும் பொருளைப் பிரித்து நோக்கி, அதன் உறுப்புகளின் வரலாற்றை ஆராய்ந்த தமிழ்க் கட்டுரைகள் மிகச் சில. வண்டியை நாம் உழைப்பின் சின்னமாகப் பார்த்துப் பழகிவிட்டோம். கருவியாகப் பார்ப்பது குறைவு.

இக்கட்டுரை வண்டிச் சக்கரத்தின் நடுவுறுப்பாகிய குடத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றது. அதற்குக் காரணம் உண்டு. மர ஆரக்கால்களை உலோகக் குடத்தில் பொருத்தும் சக்கரவகை ஒன்று பிரித்தானியப் பீரங்கிப் படையின் கலைச்சொல் வழக்கில் ‘மதராஸ் வகை’ என்றே அழைக்கப்பட்டது. ஓர் இந்திய நகரின் பெயர், இலண்டனை அடுத்த வுல்லிச் நகரின் படைக்கலப் பட்டறைகளில் ஒரு பொறியியல் அமைப்பின் பெயராயிற்று. ஆனால் அதே மதராஸ் மாநிலத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறிய வண்டிக்காரர்களின் சக்கரங்களில் அவ்வமைப்பு இல்லை. அவை மரக்குடத்துடனேயே உருண்டன. கேமரன் மலையின் கோலா தெர்லா போன்ற ஊர்களிலோ மரக்குடத்திற்கு இடமே ஏற்படவில்லை. இம்மூன்று நிலைகளையும் ஒன்றுசேர்த்துப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

சொல்லும் உறுப்பும்

தமிழில் சக்கர உறுப்புகளுக்குத் தொன்றுதொட்ட சொற்கள் உள்ளன. அச்சு கோக்கும் நடுவிடத்தைக் குறடு என்னும் சொல்லால் புறநானூறு சுட்டுகின்றது. பிற்கால வழக்கில் அதுவே குடம் ஆயிற்று. உந்தி என்பாரும் உளர். குடத்திலிருந்து விரியும் கைகள் ஆர் அல்லது ஆரக்கால். அவற்றின் வெளிமுனைகளைப் பிணைக்கும் வளைந்த மரத்துண்டுகள் வட்டை. வட்டைகளின் மேல் இறுக்கப்படும் இரும்பு வளையம் பட்டை. அச்சு இரும்பால் ஆகும்போது நாட்டுப்புற வழக்கில் அது இருசு எனப்படும். சக்கரம் கழன்று விழாமல் காப்பது கடையாணி. வள்ளுவர் வினைத்திட்பத்திற்குத் தேரின் அச்சாணியை உவமை காட்டும்போது (குறள் 667) இச்சிற்றுறுப்பின் பயனை அறிந்தே காட்டியுள்ளார். குடத்திற்கு அத்தகைய இலக்கியப் பெருமை வாய்க்கவில்லை. வண்டியின் முழுப் பாரத்தையும் தாங்குவது குடமே என்றாலும், புலவர் கண்ணுக்கு ஆணியே பட்டது.

குடம் என்னும் பெயர் வடிவம் பற்றி வந்தது. நடுவில் பருத்து இரு புறமும் சிறுத்த மரக்கட்டை உண்மையிலேயே சிறு குடத்தை ஒத்திருக்கும். இப்பருமன் அழகுக்காக அமைந்ததன்று. பன்னிரண்டு அல்லது பதினான்கு ஆரக்கால்களின் வேர்முனைகளைச் செருகுவதற்கு அதே எண்ணிக்கையிலான துளைகளைக் கட்டையின் இடுப்பில் வெட்டவேண்டும். துளைக்கும் துளைக்கும் இடையே போதிய மரம் எஞ்சாவிடில் குடம் பிளந்துவிடும். ஆகவே கட்டை பருத்தே தீரவேண்டும்.

மரக்குடத்தின் குறை

தமிழகத்துத் தச்சர்கள் குடத்திற்குக் கருவேலம் போன்ற வைர மரங்களைத் தேர்ந்தனர். அறுத்த கட்டையை நெடுநாள் உலரவிட்டுப் பின்னரே துளையிடுவர். இரு முனைகளிலும் இரும்புப் பூண்கள் ஏற்றப்படும். உள்ளே இருசு உராயும் இடத்தில் இரும்புக் குழாய் இறுக்கப்படும். அந்த அளவில் மரக்குடத்திலும் உலோகம் உண்டு. உராய்வைத் தாங்குவது உலோகம், ஆரக்காலைப் பற்றுவது மரம் என்பது அங்கு நிலவிய வேலைப் பகிர்வு.

இப்பகிர்வின் நலிவு மரத்தின் இயற்கையிலேயே உள்ளது. உலரும்போது மரம் நார் ஓடும் திசையில் சுருங்குவது மிகக் குறைவு. நாருக்குக் குறுக்கே சுருங்குவது மிகுதி. ஆரக்காலின் நார் அதன் நீளவாட்டில் ஓடுகின்றது. எனவே கோடையில் அதன் நீளம் ஏறத்தாழ மாறுவதில்லை. குடத்தின் நாரோ அச்சின் போக்கில் ஓடுகின்றது. குறுக்களவு முழுவதும் நாருக்குக் குறுக்கானது. கோடை முற்றும்போது குடத்தின் விட்டம் குறையும், துளைகளின் வாய் நெகிழும், ஆரக்கால்கள் ஆடத் தொடங்கும். மழைக்காலத்தில் அதே கட்டை ஈரம் உண்டு புடைக்கும். இவ்வாறு ஆண்டுதோறும் சுருங்கியும் புடைத்தும் வரும் கட்டையில் பூண் தளரும், குழாய் நகரும், பட்டை கழலும்.

நாட்டு வண்டிக்காரன் இதற்கு எளிய மருத்துவம் வைத்திருந்தான். சக்கரத்தை இரவில் குளத்திலோ வாய்க்காலிலோ ஊறப்போடுவான்; தளர்வு மிகுந்தால் கருமாரிடம் கொண்டுசென்று பட்டையைக் குறுக்கி மீண்டும் கட்டச் செய்வான். வரட்டி அடுக்கிய நெருப்பில் பட்டையைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, வட்டையின் மேல் இறக்கி, உடனே தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பர். குளிரும் இரும்பு சுருங்கி வட்டை, ஆரக்கால், குடம் ஆகிய அனைத்தையும் நடுநோக்கி நெரிக்கும். சக்கரத்தின் உறுதி முழுவதும் இந்நெரிப்பில்தான் நிற்கின்றது. ஊருக்கு ஊர் தச்சரும் கருமாரும் இருக்கும் நாட்டில், வாரச் சந்தைக்குச் சென்று திரும்பும் வண்டிக்கு இம்மருத்துவம் போதுமானது.

பீரங்கி வண்டிக்கு அது போதவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகள் கடற்கரையிலிருந்து தக்காண மேட்டுநிலத்திற்கும், ஈரம் மிகுந்த மலைச்சரிவிலிருந்து வறண்ட கரிசல் காட்டிற்கும் ஒரே பருவத்தில் நகர்ந்தன. பீரங்கியின் எடை ஒரு புறம். சுடும்போது எழும் பின்னுதைப்பு மற்றொரு புறம். ஆடும் ஆரக்காலுடன் அணிவகுப்பில் நிற்கும் வண்டியைக் குளத்தில் ஊறப்போட நேரம் கிடைக்காது. இங்கிலாந்தில் எல்ம் மரக் குடங்கள் நன்றாகவே உழைத்தன. ஏனெனில் அங்குக் காற்றின் ஈரம் ஆண்டு முழுவதும் இவ்வளவு மாறுவதில்லை. இந்தியத் தட்பவெப்பமே இச்சிக்கலைக் கூர்மையாக்கியது எனலாம்.

மதராஸ் பட்டறையும் அதன் குடமும்

1799-இல் திப்பு சுல்தானின் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், அங்கிருந்த வார்ப்பிட வசதிகளையும் அருகிலிருந்த காடுகளின் மரவளத்தையும் கருதி, கம்பெனி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீரங்கி வண்டிப் பட்டறையை அந்நகரில் நிறுவியது. திப்புவின் அரண்மனை மாட்டினமாகிய அம்ருத மகால் காளைகளும் கம்பெனி வசமாயின. பீரங்கிகளை இழுப்பதில் அவை பேர்பெற்றவை. பின்னர் அப்பட்டறை சென்னைக்கு மாற்றப்பட்டது. மதராஸ், பம்பாய், பதேகட் ஆகிய இடங்களில் தனித்தனியே இயங்கிய வண்டித் தொழிற்சாலைகளின் பணி 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜபல்பூரில் 1904-இல் தோன்றிய தொழிற்சாலையில் ஒருங்கிணைந்தது. அதற்கு முந்திய பல்லாண்டுகள் சென்னையே தென்னாட்டின் பீரங்கிச் சக்கரங்களைச் செய்துவந்தது.

மதராஸ் வகைக் குடத்தின் அமைப்பைச் சற்று விரிவாகக் காண்பது தகும். இதில் மரக்கட்டையே இல்லை. வெண்கலத்தாலான நடுக்குழாய் ஒன்று இருசின் மேல் பொருந்தும். அக்குழாயின் ஒரு புறத்தில் வட்டமான தட்டு அதனுடன் சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். எதிர்ப்புறத்தில் மற்றொரு தட்டு தனியே இருந்து, குழாயின் மேல் வழுக்கி ஏறி அமரும். இரண்டு தட்டுகளுக்கும் இடையே ஆரக்கால்களின் அடிகள் நிற்கும். திருகாணிகள் ஒரு தட்டிலிருந்து மறு தட்டிற்கு ஊடுருவிச் சென்று மரையால் இறுக்கப்படும்.

இதன் நுட்பம் உலோகத்தில் மட்டும் இல்லை. ஆரக்காலின் அடியை வெட்டிய முறையிலும் உள்ளது. மரக்குடத்தில் ஆரக்கால் துளைக்குள் நுழையும் முளையாகச் சிறுக்கின்றது. அதாவது மிகுந்த பாரம் தாங்கும் இடத்திலேயே மரம் மெலிகின்றது. மதராஸ் வகையில் ஒவ்வோர் அடியும் ஆப்பு வடிவில் சீவப்பட்டு, பக்கத்து ஆரக்காலின் அடியோடு முகத்துக்கு முகம் நெருங்கி நிற்கும். பன்னிரண்டு ஆப்புகளும் சேர்ந்து ஒரு முழு வட்டமாகும். கட்டட வளைவில் கற்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைப் போன்றே இங்கு மரக்கைகள் ஒன்றையொன்று தாங்குகின்றன. வெளியே பட்டை நெரிக்க நெரிக்க, உள்ளே இவ்வளைவு மேலும் இறுகும். மரக்குடத்தைப் பிளக்கத் தலைப்படும் அதே விசை இங்கே குடத்தை உறுதிப்படுத்துகின்றது. இவ்வொரு மாற்றத்தையே இவ்வமைப்பின் உயிர்நாடியாகக் கொள்ளவேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ‘உலோகக் குடம்’ என்று மட்டும் சொல்வது பாதிச் செய்தியே.

பருவ மாற்றத்தின் தொல்லையும் பெரிதும் நீங்கியது. சக்கரத்திலேயே மிகுதியாகச் சுருங்கிப் புடைத்த உறுப்பு அகற்றப்பட்டுவிட்டது. ஆரக்காலின் அடி தடிப்பில் சிறிது சுருங்கினாலும் மரைகளை ஒரு சுற்றுத் திருகினால் தட்டுகள் நெருங்கிப் பற்றிக்கொள்ளும். குளம் தேடவேண்டியதில்லை. ஓர் ஆரக்கால் முறிந்தால், வெளித்தட்டைக் கழற்றிப் பழையதை நீக்கிப் புதியதை வைக்கலாம், குடம் வீணாவதில்லை. மரக்குடமோ துளை சிதைந்தால் விறகுக்குத்தான் ஆகும்.

இரும்பை விட்டு வெண்கலத்தை ஏன் தேர்ந்தனர் என்ற வினா எழலாம். செம்பும் வெள்ளீயமும் கலந்த இவ்வுலோகம் துருப்பிடிப்பதில்லை. இரும்பு இருசின் மேல் உராயும்போது இரும்பைவிட இலகுவாக ஓடும். பழுதானதை உருக்கி மறுபடி வார்க்கலாம். பீரங்கிக் குழாய்களையே வெண்கலத்தில் வார்த்த காலம் அது. கொல்லர்களுக்கு அவ்வுலோகம் கைவந்ததாக இருந்தது. பொருட்செலவு மிகுதிதான். ஆனால் செலவு அரசினுடையது.

மதராஸ் வகை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வுல்லிச் அரச வண்டித் துறையால் ஏற்கப்பட்டுப் பிரித்தானியக் களப் பீரங்கிகளின் சக்கர வகையாயிற்று. முதல் உலகப்போரிலும் அப்படையின் களப் பீரங்கிகள் உலோகக் குடமும் மர ஆரக்காலும் கொண்ட சக்கரங்களின் மேலேயே உருண்டன. 1930-களில் காற்றடைத்த ரப்பர்ச் சக்கரங்கள் வந்த பின்னரே அவை விடைபெற்றன.

முதன்மை பற்றிய ஓர் எச்சரிக்கை

இத்தகைய செய்தி கிடைத்தவுடன் ‘உலகுக்குத் தமிழர் தந்த சக்கரம்’ என்று தலைப்பிட்டுவிடும் ஆர்வம் நம்மிடையே உண்டு. அது முறையன்று. இலண்டனில் நீராவி வண்டிகளை இயக்கிய வால்டர் ஹான்காக், 1830-களிலேயே ஆப்பு வடிவ அடிகளைக் கொண்ட ஆரக்கால்களை இரும்புத் தட்டுகளுக்கிடையே திருகாணியால் இறுக்கிய சக்கரங்களைப் பயன்படுத்தினார். அவருடைய ‘என்டர்பிரைஸ்’ என்னும் வண்டி 1833-இல் இலண்டன் தெருக்களில் பயணிகளை ஏற்றி ஓடியது. அமெரிக்காவில் ஜேம்ஸ் சார்வென் 1857-இல் காப்புரிமை பெற்ற வகையோ வேறு வழியில் சென்றது: சிறிய மரக்குடத்தை முற்றாக நீக்காமல், ஆரக்கால்களின் அடிப்புறத்தை இரு புறமும் உலோக விளிம்புகளால் கவ்வித் தறையாணியால் பிணைத்தது. குதிரை வண்டிகளில் இது பெருவழக்காயிற்று. உலோகக் குடமுடைய ஆர்ச்சிபால்டு வகையை அமெரிக்கப் பீரங்கிப் படை கைக்கொண்டது. ஆகவே உலோகக் குடம் பலவிடங்களில், பல தேவைகளால், ஏறத்தாழ ஒரே நூற்றாண்டில் வடிவெடுத்தது என்பதே சரியான கூற்று.

மதராஸுக்கு உரிய பெருமை வேறு. வெப்பநாட்டுப் பருவங்களில் நெடுந்தொலைவு செல்லும் கனத்த வண்டியில் இவ்வமைப்பைப் பயன்படுத்தி, ஒரே அளவில் பலவாகச் செய்து, படை முழுவதற்கும் பொதுவாக்கக்கூடிய நிலைக்குக் கொண்டுவந்தமை அப்பெருமையாகும். வரைபடம் தீட்டியவர் கம்பெனி அதிகாரிகள். கட்டையைச் சீவியும் வெண்கலத்தை வார்த்தும் அதற்கு உருக்கொடுத்தவர்கள் உள்ளூர்த் தச்சரும் கன்னாரும் கருமாரும் ஆவர். சார்வெனின் சக்கரத்திற்குச் சார்வெனின் பெயர் அமைந்தது. ஆர்ச்சிபால்டின் சக்கரத்திற்கு ஆர்ச்சிபால்டின் பெயர் அமைந்தது. இங்கே ஊரின் பெயர் மட்டும் நின்றது. காப்புரிமை முறையும் குடியேற்ற ஆட்சியின் பட்டறை முறையும் பெயர்களை எவ்வாறு வெவ்வேறாகப் பங்கிட்டன என்பதற்கு இது ஒரு சான்று.

மலாயா வண்டிகள்

இனி மலாயாவுக்கு வருவோம். தைப்பிங் – போர்ட் வெல்ட் தொடர்வண்டிப் பாதை 1885-இலும், கோலாலம்பூரைக் கிள்ளான் ஆற்றோடு இணைத்த பாதை 1886-இலும் திறக்கப்பட்டன. அவற்றிற்கு முன்னரும், பாதை எட்டாத சுரங்கங்களில் அவற்றிற்குப் பின்னரும், ஈயத்தையும் உணவுப்பொருளையும் நகர்த்தியதில் மாட்டுவண்டிக்குப் பெரும்பங்கு இருந்தது. வண்டி ஓட்டியவர்களிலும் மாடு வளர்த்தவர்களிலும் தமிழர் பலர்.

இவ்வண்டிகளின் சக்கரங்கள் பெரிய மரக்குடமும் தடித்த மர ஆரக்காலும் இரும்புப் பட்டையும் கொண்டவை. மதராஸ் வகைக் குடம் அரசப் படையின் பொதுச் சக்கரமாகிவிட்ட காலத்திலும் வண்டிக்காரர் மரக்குடத்தை விடவில்லை. இதை ஆய்வாளர் சிலர் ‘பழமைப் பற்று’ என்று எளிதில் ஒதுக்கிவிடுவர். அவ்வாறு கொள்வதற்கு இடமில்லை என்றே தோன்றுகின்றது.

முதலாவது, மலாயாவின் காற்று ஆண்டு முழுவதும் ஈரமானது. மரக்குடத்தைத் தளர்த்தும் நீண்ட வறட்சி இங்கில்லை. தக்காணத்தில் உலோகக் குடத்தை வேண்டிநின்ற காரணமே இங்கு வலுவிழந்தது. மரம் உளுத்துப்போவதும் செல்லரிப்பதும் இங்குள்ள தொல்லைகள். அவை குடத்தைப் போலவே வட்டையையும் தாக்குவன, ஆகையால் குடத்தை மட்டும் மாற்றுவதால் பயன் சிறிதே.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. மரக்குடம் பழுதானால் அதைச் சீர்செய்யும் ஆற்றல் வண்டிக்காரனின் சமூகத்துக்குள்ளேயே இருந்தது. அவனுக்குத் தேவையானவை ஒரு கட்டை, ஒரு தச்சன், ஒரு உலை. மதராஸ் வகைக் குடமோ வார்ப்படத்தையும் அளவு பிசகாத திருகாணிகளையும் உதிரிப்பொருள் கிடங்கையும் வேண்டுவது. பீரங்கிக்கும் அதன் முன்வண்டிக்கும் ஒரே அளவுச் சக்கரம் வைத்து, ஒன்றன் குடத்தை மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி படைக்கு ஆதாயம். ஒற்றை வண்டி வைத்திருப்பவனுக்கு அவ்வாதாயம் இல்லை. ஒரு மரை தொலைந்தால் அவன் வண்டி நின்றுவிடும். சீர்செய்யும் உரிமை யார் கையில் இருக்கின்றது என்னும் கேள்விக்கு இரு குடங்களும் இரு வேறு விடைகள் தந்தன. வண்டிக்காரன் தனக்கு ஏற்ற விடையைத் தேர்ந்தான்.

இங்கே ஒரு முரணையும் சுட்டாமல் இருக்க இயலவில்லை. வெண்கலத்திற்கு இன்றியமையாத வெள்ளீயத்தைக் கிந்தாப் பள்ளத்தாக்கிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் ஏற்றிச்சென்ற வண்டிகளின் குடங்கள் மரத்தாலானவை.

சொல்வழக்கிலும் இம்மாற்றத்தின் தடம் உண்டு. மலாய் மொழியின் ‘ரோடா’, ‘கெரேத்தா’ என்னும் சொற்கள் போர்த்துகீசியத்திலிருந்து வந்தவை. ‘கெரேத்தா’ முன்பு மாட்டுவண்டியையும் குதிரை வண்டியையும் குறித்தது. இன்று தனித்து வழங்கும்போது மோட்டார்க் காரையே குறிக்கின்றது. மலேசியத் தமிழரின் பேச்சில் இந்தி வழிவந்த ‘காடி’ அதே போக்கில் காருக்கு ஆகிவந்தது. வண்டி மாறியபோது பெயர் உடன் சென்றது. குடத்திற்கு அது நேரவில்லை. தகடும் திருகாணியுமாக மாறிய உறுப்பில் குடத்தின் வடிவம் மறைந்தது. பட்டறைத் தமிழில் அது ‘ஹப்’ ஆகிவிட்டது. கலைச்சொல் வகுப்போர் ‘சக்கரக் குடம்’ எனப் பழஞ்சொல்லையே ஆளலாம் என்பதில் தடையில்லை; ஆனால் மாணவர் அதைத் தண்ணீர்க் குடத்தோடு தொடர்புபடுத்திப் புரிந்துகொள்ள, ஒரு மரச்சக்கரத்தின் படத்தையேனும் ஆசிரியர் காட்டவேண்டியிருக்கும்.

கோலா தெர்லா: மரக்குடம் ஏறாத மலை

கேமரன் மலை இவ்வரலாற்றில் தனித்து நிற்கின்றது. வில்லியம் கேமரன் 1885-இல் இம்மேட்டுநிலத்தை அளக்க வந்தபோது இங்கு வண்டிப்பாதை இல்லை. 1925-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்தபின்னரே மலைவாழிடமாக இதை உருவாக்கும் முயற்சி உறுதிப்பட்டது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் செல்லும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மலைச்சாலை 1931-இல் நிறைவெய்தியது. ஜான் ஆர்ச்சிபால்டு ரஸ்ஸல் 1929-இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் சாலை முடிவதற்கு முன்பே காடழிப்பில் இறங்கிவிட்டது. கோலா தெர்லா இம்மேட்டுநிலத்தின் வடபகுதியில், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையே, தெர்லா ஆற்றின் பெயர்கொண்டு அமைந்த ஊராகும்.

போ தோட்டத்தின் தொடக்கத்தைக் கூறும் நிறுவன வரலாறு, மனித உழைப்பையும் கோவேறு கழுதைகளையும் ஒரே ஒரு நீராவிச் சாலை உருளையையும் குறிப்பிடுகின்றது. இப்பட்டியலைச் சக்கர வரலாற்றின் கண்கொண்டு நோக்குதல் வேண்டும். மனித முதுகுக்கும் கழுதை முதுகுக்கும் சக்கரம் இல்லை. நீராவி உருளையின் சக்கரமோ முழுவதும் உலோகம். முதுகுச்சுமைக்கும் இரும்புச் சக்கரத்திற்கும் இடையில் மரக்குடம் நிற்க வேண்டிய படிநிலை இங்கே காணப்படவில்லை. செங்குத்தான சரிவும் கூரிய வளைவுகளும் உள்ள இடத்தில் இரட்டை மாட்டுவண்டி ஏறுவதற்கு அரிது; இறங்குவதற்கு அதனினும் அரிது. சாலை அமைந்தபோது அது மோட்டாருக்கென்றே அமைந்தது.

மோட்டார் வண்டியின் சக்கரமும் பீரங்கிச் சக்கரத்தின் வழிவந்ததே. 20ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில் கார்களிலும் லாரிகளிலும் பரவலாக இருந்தவை மர ஆரக்காலும் உலோகக் குடமும் கொண்ட சக்கரங்கள். அவற்றிற்குப் ‘பீரங்கிச் சக்கரம்’ என்றே பெயர். 1908 முதல் 1927 வரை வெளிவந்த ஃபோர்டு டி வகைக் கார்களுள் பெரும்பாலானவை இத்தகைய சக்கரங்களில் ஓடின. ஆப்பு வடிவ அடி, இரு தட்டு, ஊடுருவும் திருகாணி என்னும் மூன்று கூறுகளும் அவற்றில் அவ்வாறே உள்ளன. தாப்பா சாலை திறக்கப்பட்ட ஆண்டில் இவ்வகையின் காலம் முடிந்துகொண்டிருந்தது. அழுத்திச் செய்த எஃகுத் தகட்டுச் சக்கரங்கள் அதன் இடத்தைப் பிடித்துவந்தன. எனவே வடக்கே கோலா தெர்லா வரை விரிந்த தோட்டக் குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழர்க்கு வண்டிச் சக்கரம் என்பது தொடக்கத்திலிருந்தே பட்டறையில் கழற்றி மாட்டும் பொருளாக இருந்தது. கொழுந்தைக் கூடையில் முதுகில் சுமந்து நிறுவையிடத்திற்குக் கொண்டுவந்தவர்கள் பெண்கள். அங்கிருந்து ஆலைக்கு ஏற்றிச்சென்றது லாரி. குடம் கடைந்து வாழும் தச்சனுக்கோ பட்டை கட்டும் கருமானுக்கோ இவ்வமைப்பில் இடமில்லை.

தோட்டப்புற வாழ்வைச் சமவெளி ரப்பர்த் தோட்டங்களின் அனுபவத்தைக் கொண்டே எழுதும் வழக்கம் நம்மிடம் வலுவாக உள்ளது. அதனால் மாட்டுவண்டிச் சித்திரம் மலைத் தோட்டங்களுக்கும் அப்படியே ஏற்றப்படுகின்றது. பள்ளிக் கட்டுரைகளிலும் மேடை நாடகங்களிலும் தேயிலை மலையில் மாட்டுவண்டி ஓடுவதைக் காணலாம். கேமரன் மலையின் பொருளியல் அமைப்பு அதனின்றும் வேறுபட்டது. சமவெளியில் தமிழன் வண்டிக்குச் சொந்தக்காரனாகவும் இருந்தான். தோட்டத்தை விட்டு வெளியேறி ஒற்றை வண்டியோடு பிழைத்தவர் உண்டு. மலையில் சக்கரம் நிறுவனத்துக்கு உரியது. சக்கரத்தோடு வரக்கூடிய அச்சிறு தன்னுரிமை மலைத் தோட்டத் தொழிலாளர்க்குக் கிட்டவில்லை என்பதைத் தோட்டப்புற வரலாறு எழுதுவோர் கருத்திற்கொள்ளவேண்டும்.

தமிழகத்திலும் மரக்குடம் நெடுங்காலம் நீடித்துப் பின்னர் மெல்ல மறைந்தது. ரப்பர்ச் சக்கரமும் உருளைத் தாங்கியும் கொண்ட ‘டயர் வண்டி’ மாட்டின் கழுத்துச் சுமையையும் இழுப்பையும் குறைத்தது. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராகிய என். எஸ். இராமசுவாமி 1970-களிலும் 1980-களிலும் மாட்டுவண்டிச் சீர்திருத்தத்தை நாட்டளவில் வற்புறுத்தி வந்தார். எடை குறைந்த உலோகச் சக்கர அமைப்பு அவர் வற்புறுத்தியவற்றுள் ஒன்று. பீரங்கிக்கு உலோகக் குடம் கிடைத்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின்னரே உழவனின் மாட்டுக்கு அது பேசுபொருளாயிற்று. கோயில் தேர்களிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. திருவாரூர்த் தேருக்குத் திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனம் இரும்புச் சக்கரங்களையும் நீரழுத்தத் தடைகளையும் செய்தளித்துள்ளது.

கோலா தெர்லாவைச் சுற்றி இன்று தேயிலையைவிடக் காய்கறித் தோட்டங்களும் பூந்தோட்டங்களும் கண்ணில் படுகின்றன. அவற்றின் சேற்றுப் பாதைகளில் முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிச் செல்பவை பெரும்பாலும் பழைய லேண்ட் ரோவர்கள். 1948-இல் அறிமுகமான அவ்வண்டியின் சக்கரத்தை ஐந்து திருகாணிகள் குடத்தோடு பிணைக்கின்றன. மதராஸ் வகையில் திருகாணியைக் கழற்றினால் ஆரக்கால் தனியே வரும். குடம் சக்கரத்தின் உறுப்பு. இங்கே திருகாணியைக் கழற்றினால் சக்கரம் முழுமையாக வந்துவிடும். குடம் அச்சோடு தங்கிவிடும். அதனால்தான் சரிவில் சக்கரம் பஞ்சரானால் ஓட்டுநர் ஒருவரே மாற்றுச் சக்கரத்தைப் பூட்டிவிட முடிகின்றது. குடத்தின் உள்ளிருக்கும் தாங்கி தேய்ந்தால் மட்டும் வண்டி பட்டறைக்கு இறங்கவேண்டியுள்ளது.